சமையல்கட்டு இருந்த இடம்

உட்காரும்மா, இடம் இருக்கு. பையை இப்படிக் குடு, நான் மடியில வெச்சுக்கறேன். எங்க போகணும்? சன்ரே மாலா? நானும் அங்கதான் இறங்கணும். நீ எட்டி எட்டிப் பாக்க வேண்டாம், கண்டக்டரே கூவுவாரு. முன்னெல்லாம் அந்த ஸ்டாப்பிங்குக்கு லோகநாயகி தியேட்டர்னு பேரு. அதுக்கும் முன்னாடி ஏரிக்கரை. இப்ப மால். மெட்ரோ வந்துட்டா அதையும் மாத்திடுவாங்க.

வேலைக்கா? துணிக்கடையிலயா. இன்னிக்கு வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க, நாளையிலேருந்து வேலை, அப்படியா. நல்லது. எந்த மாடி? ரெண்டாவது மாடின்னா நீ நடுவுல இருக்கற பெரிய எஸ்கலேட்டர்ல ஏறணும். அந்த எஸ்கலேட்டர் தொடங்கற இடம் இருக்கே, அது எங்க மாமியாரோட சமையல்கட்டு. சிரிக்காத. நிஜமாத்தான் சொல்றேன். இப்பவும் அதுல கால் வெக்கறப்ப எனக்கு அடுப்பை மிதிக்கற மாதிரி இருக்கும்.

மதியம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போற? வீட்லேருந்து கட்டிட்டு வந்துடு. மேல ஃபுட் கோர்ட்டுல உன் சம்பளத்துக்குக் கட்டாது. முன்ன வேலை செஞ்ச பிள்ளைங்களுக்கு அந்தக் கவலை இல்ல. எங்க குமுதா கடை இருந்துச்சு.

குமுதா என் நாத்தனா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவளைப் பாத்துட்டுத்தான் வர்றேன். ஸ்ரீபெரும்புதூர்ல, கம்பெனிப் பொண்ணுங்க ஹாஸ்டல் பக்கத்துல மெஸ் வெச்சிருக்கா. நல்லா இருக்கா. ரொம்ப நல்லா இருக்கா. அதான் எனக்கு சந்தோஷம்.

நான் கல்யாணமாகி வந்த புதுசுல அவ கவுன் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிக்கிட்டிருந்தா. நான்தான் தலை பின்னி விடுவேன். அவளுக்கும் கல்யாணம் பண்ணிக் குடுத்தோம், ராணிப்பேட்டை பக்கம். சரியா வரல. அந்த ஆளுக்கு வேற ஒரு குடும்பம் ஏற்கெனவே இருந்துச்சு. ஒரு நாள் காலையில ஒரு சூட்கேஸோட வந்து வாசல்ல நின்னா. எங்க மாமியார் ஒண்ணும் கேக்கல. ரோட்டைப் பாத்த முன்ரூமை ஒழிச்சுக் குடுத்து, அடுப்பு வெச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. தியேட்டர் பக்கத்துலதானே வீடு. இடைவேளைல ஜனங்க சுவரைத் தாண்டி வந்து போண்டா வாங்குவாங்க.

அப்புறம் தியேட்டர் மூடிட்டாங்க. வௌவால் அடைஞ்சு கெடந்துச்சு. குமுதா கடையும் மூடற மாதிரிதான் ஆச்சு. அப்பதான் மால் வரப்போகுதுன்னு பேச்சு வந்துச்சு. எங்களுக்கு மால்னா என்னன்னே தெரியாது. பெரிய பள்ளமா தோண்டுனாங்க, ஏரி மாதிரி. எங்க கிணத்துல தண்ணி கீழ போயிடுச்சு. கட்ட வந்ததெல்லாம் வடக்கத்திப் பசங்க. குமுதா அவங்ககிட்டயே கேட்டுக் கேட்டு ரொட்டி போடக் கத்துக்கிட்டா. அரைகுறையா இந்தி கூடப் பேசுவா. பாதி மால் அவ கைச் சாப்பாட்டுலதான் எழும்புச்சுன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு.

தொறந்த அன்னிக்கு நீ பாத்திருக்கணும். ஷேர் ஆட்டோவுல குடும்பம் குடும்பமா வந்தாங்க. ஒண்ணும் வாங்க மாட்டாங்க. எஸ்கலேட்டர்ல ஏறி எறங்கி, ஏசில கொஞ்சம் நின்னுட்டுப் போவாங்க. போகப் போக எங்க ஊரே மாறிடுச்சு. புதுசா கட்டுன அபார்ட்மென்ட்டெல்லாம் மாலுக்குப் பக்கத்துலன்னு போர்டு வெச்சான். நல்லதுதான். பாலூர்மேடுன்னா பஸ்ஸே நிக்காத காலம் போயி, எல்லா பஸ்ஸும் நிக்குது. மாலைப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். என் பையன் அங்கதான் மேனேஜரா இருக்கான். அசிஸ்டென்ட் மேனேஜர்.

அந்தக் கட்டட வேலைப் பசங்க ஊருக்குப் போனதும், குமுதா கடைக்கு மால் கடைப் பிள்ளைங்க வர ஆரம்பிச்சாங்க. உன்னாட்டம் பிள்ளைங்க. நாள் பூரா நிக்கணும்மா அங்க. கஸ்டமர் இல்லன்னாலும் உட்காரக் கூடாது. உங்கிட்ட சொல்லலியா? நான் பயமுறுத்தல, சொல்லி வெக்கறேன். குமுதா நாலு பெஞ்சு வாங்கிப் போட்டா. "இவங்க சாப்பிட வரல அண்ணி, உட்கார வர்றாங்க. சாப்பாடு அதுக்கொரு சாக்கு"ன்னு சொல்லுவா. பாதிப் பிள்ளைங்க சாப்பிட்டுட்டு அப்படியே சுவத்துல தலை சாஞ்சு தூங்கிடும். கரெக்டா நேரத்துக்கு எழுப்பி அனுப்புவா.

மால் வளர்ந்துக்கிட்டே போச்சு. மொதல்ல பின்னாடி எண்ணெய் செக்கு இருந்த இடத்தை வாங்கி வண்டி நிறுத்தப் போட்டாங்க. அப்புறம் ரெண்டாவது பிளாக் கட்டணும்னாங்க. அதுக்கு எங்க வீடு வேணும்.

மாமியார் அப்ப இல்ல. வீடு எங்க வீட்டுக்காரர், பெங்களூர்ல இருக்கற எங்க மூத்தார், குமுதா, மூணு பேருக்கும் பொது. மூத்தார் போன்லயே சரின்னுட்டாரு. குமுதாதான் முடியாதுன்னா. சண்டையெல்லாம் போடல. "எனக்கு இங்கயே இருக்கணும்ணே"ன்னு ஒரே வார்த்தை. எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சிகிட்ட பேசவே வராது. என்னைத்தான் அனுப்பினாரு.

நான் கட்டாயப்படுத்தல. ஆடி மாசம் பூரா தினம் மத்தியானம் முன்ரூமுக்குப் போயி அவகூட உட்காருவேன். வெங்காயம் உரிச்சுக் குடுப்பேன், இலை நறுக்குவேன். பேச்சோட பேச்சா சொல்லுவேன். வயசாகுது குமுதா, எத்தனை நாளைக்கு அடுப்புகிட்ட வேகுவே. நாம எல்லாரும் ஒரே ஃபிளாட்டுல இருப்போம். உனக்குன்னு தனி ரூம். அவ கேட்டுக்கிட்டே மாவு பெசைவா. ஒரு நாள் நிமிந்து பாத்து, "கடை?"ன்னா.

நான் அதுக்கு, வீடு கேட்டு வந்த மால்காரர்கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சிருந்தேன். எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தப்பவே கேட்டேன். சார், என் நாத்தனாவுக்கு மேல சாப்பாட்டுக் கடைங்கள்ல ஒண்ணு தருவீங்களான்னு. அவர் "பாக்கலாம்மா"ன்னாரு. பாக்கலாம்னா என்ன அர்த்தம்? தர மாட்டேன்னா சொன்னாரு? பெரிய மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க. நான் குமுதாகிட்ட, தர்றேன்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னேன்.

"நிஜமாவா அண்ணி?"

"என் முன்னாடி சொன்னாரு."

"நீங்க சொல்றீங்கல்ல, போதும்"னு சொல்லிட்டு மாவுக் கையைக் கழுவிக்கிட்டு வந்து கையெழுத்துப் போட்டா.

என் பையன் தினகருக்கு மால்ல வேலை கெடச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. அவன் படிச்சிருக்கான், இன்டர்வியூக்குப் போனான், கெடச்சது. ரெண்டும் ஒரே மாசத்துல நடந்துச்சு. ஊர்ல வாய் சும்மா இருக்குமா.

ரெண்டாவது பிளாக் தொறந்தப்ப எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாங்க. குமுதா புதுப் புடவை கட்டிக்கிட்டு வந்தா. எஸ்கலேட்டர் கிட்ட வந்ததும் நின்னுட்டா. பயம். அவ கையை நான் புடிச்சுக்கிட்டேன், சின்னப் பிள்ளையில ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி. ரெண்டு பேரும் மேல போயிக்கிட்டே இருக்கோம். அவ ஆசையா மேலயே பாத்துக்கிட்டு, "நம்ம கடை எந்தப் பக்கம் வரும் அண்ணி?"ன்னு கேட்டா.

மேல எல்லாம் பெரிய பெரிய கம்பெனிக் கடைங்கதான். அது எனக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியும், தினா சொல்லியிருந்தான். அந்த நல்ல நாள்ல எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். "அடுத்த தடவை கட்டறப்ப தருவாங்களாம் குமுதா"ன்னேன். அவ என் கையை விடல. மேல போற வரைக்கும் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டோம். அதுக்கப்புறம் கடையைப் பத்தி அவ வாயே தொறக்கல. மறந்துட்டான்னு நெனச்சேன்.

ஃபிளாட்டு வாங்குனோம். அவ பங்கையும் சேத்துப் போட்டுத்தான் வாங்குனோம், ஒண்ணாத்தானே இருக்கப் போறோம். மூணு பெட்ரூம். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு தினாவுக்கும் மருமகளுக்கும், ஒண்ணு பேத்தி படிக்க. குமுதாவுக்கு சமையலறையை ஒட்டி ஒரு ரூம், வாஷிங் மெஷின் வெச்சிருக்கோமே அந்த ரூம். நல்லா காத்து வரும். அவளை நான் ராணி மாதிரித்தான் வெச்சிருந்தேன். ஒரு வேலை சொன்னதில்ல. சமையல் மட்டும் பண்ணுவா. அது அவளுக்கு இஷ்டம். பாத்திரம் தேய்க்கக்கூட ஆள் போட்டிருந்தோம்.

போன வெயில் காலத்துலதான் ஆரம்பிச்சுச்சு. மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவா. எங்கன்னா, கோயிலுக்குங்கறா. உச்சி வெயில்ல எந்தக் கோயில் தொறந்திருக்கு? அரிசி சீக்கிரம் தீந்துச்சு. நான் அரிசிக்குக் கணக்குப் பாக்கற ஆள் இல்ல. ஆனா வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாதா. ஒரு நாள் பின்னாடியே போனேன்.

மாலுக்குப் பின்பக்கம் சரக்கு லாரி வந்து நிக்கற இடம் உண்டு, ஒரு சரிவு மாதிரி. கஸ்டமரெல்லாம் அந்தப் பக்கம் வர மாட்டாங்க. அங்க நிழல்ல அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டு ஏழெட்டுப் பிள்ளைங்க காலை நீட்டி உட்கார்ந்திருக்காங்க. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு. நடுவுல குமுதா. அடுக்கு கேரியரைத் தொறந்து எலுமிச்சம் சாதம் போட்டுக் குடுக்கறா. நான் ஒரு லாரிக்குப் பின்னாடி நின்னுட்டேன்.

சிரிச்சுக்கிட்டிருந்தாம்மா. ஏதோ ஒரு பொண்ணு சூப்பர்வைசர் மாதிரி நடிச்சுக் காட்டுது, இவ வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கறா. நம்ம வீட்டுக்கு வந்த பிறகு அவ சிரிச்சு நான் பாக்கலியேன்னு அப்பதான் தோணுச்சு. வீட்டுல அவளுக்கு என்ன குறை? அதான் எனக்குப் புரியல.

மெர்லின்னு ஒரு பொண்ணு, விழுப்புரம் பக்கம், அது கேட்டுச்சு. "அக்கா, உங்க வீடு இங்கதான் இருந்துச்சாமே, ஏன் வித்தீங்க?"

என்னைச் சொல்லப் போறான்னு நெனச்சேன்.

குமுதா சாதத்தைப் போட்டுக்கிட்டே, "எல்லாரும் கலந்து பேசிக் குடுத்தோம்மா"ன்னா. அவ்வளவுதான். அடுத்த பொண்ணுக்குத் தட்டு எடுத்தா.

சந்தோஷமா திரும்பி வந்திருக்கணும் நான். ஆனா எனக்கு வேற பயம். மேல கடை வெச்சிருக்கறவங்க வாடகை குடுக்கறாங்க. வெளிச் சாப்பாடு உள்ள வருதுன்னு புகார் பண்ணா? தினாவோட அத்தைதான்னு தெரிஞ்சா? அவனுக்கு அப்பதான் பிரமோஷன் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. பெத்தவளுக்குக் கவலை இருக்காதா, நீயே சொல்லு.

நான் புகார் பண்ணல. காலையில அவன் ஷூ போடறப்ப பேச்சுவாக்குல சொன்னேன். அத்தை இப்படிப் பண்ணுதுடா, நீயா பக்குவமா சொல்லி நிறுத்திடுன்னு. அவன், "நான் பாத்துக்கறேம்மா"ன்னான். பாத்துக்கறேன்னா பேசுவான்னுதானே நான் நெனச்சேன். அவனுக்கு அத்தைகிட்ட பேசக் கூச்சம். அவனை இடுப்புலயே தூக்கி வளத்தவ அவ. செக்யூரிட்டிகிட்ட, அந்தப் பக்கம் யாரையும் விடாதீங்கன்னு பொதுவா சொல்லியிருக்கான்.

அன்னிக்குப் புது செக்யூரிட்டி. அவருக்கு இவ யாருன்னு என்ன தெரியும். கேரியரைப் புடுங்கிக்கிட்டு, இவளை அவங்க ரூம்ல உட்கார வெச்சு போட்டோ எடுத்திருக்காங்க. பிள்ளைங்களையும் கூப்பிட்டு வரிசையா நிக்க வெச்சாங்க. கடைக்காரங்க ரெண்டு மூணு பேர் வேற வந்துட்டாங்க. மேனேஜரைக் கூப்பிடுன்னு கத்தியிருக்காங்க. தினா போயிருக்கான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, அன்னிக்கு சாயங்காலம் தினா சீக்கிரமே வந்துட்டான். குமுதா வழக்கம் போல தோசை ஊத்திக்கிட்டிருந்தா. எங்க எல்லாருக்கும் போட்டா. அவன் தட்டுல ரெண்டு தோசை அப்படியே இருக்கு. இவ சட்டினியை எடுத்துக்கிட்டு வந்து, "சூடா இன்னொண்ணு போடட்டுமா தினா?"ன்னு கேட்டா, பாரு. அந்தப் பையன் உடைஞ்சு போயிட்டான். இவ்வளவு பெரிய ஆம்பளை, மேசையில தலையை வெச்சுக்கிட்டு அழறான்.

"யாரும்மா நீங்கன்னு கேட்டுட்டேன் அத்தை. உங்களைப் பாத்து யாரும்மா நீங்கன்னு கேட்டுட்டேன்."

எங்களுக்கு ஒண்ணும் புரியல. குமுதாதான் அவன் முதுகைத் தடவிக்கிட்டே எங்களுக்குச் சொன்னா. "அவன் என்ன பண்ணுவான் அண்ணி. சுத்தி எல்லாரும் நின்னாங்க. எனக்கே தெரிஞ்சுது, அவனுக்கு வேற வழி இல்லன்னு. அதான் நானும், தெரியாம வந்துட்டேன் சார், இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சார்னு கூப்பிட்டிருக்கா. அந்தப் பையனை.

எங்க வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போயிட்டாரு. மருமக தட்டையெல்லாம் எடுத்தா. குமுதா அடுப்பை அணைச்சுட்டு வந்து எனக்கு எதிர்ல உட்கார்ந்தா. "எத்தனையோ நாளா போயிக்கிட்டிருந்தேன், யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. திடீர்னு யார் போயி சொன்னாங்கன்னுதான் தெரியல அண்ணி"ன்னா. என் முகத்தைப் பாத்துத்தான் கேட்டா. கோவமெல்லாம் இல்ல.

"யாராவது கடைக்காரங்க சொல்லியிருப்பாங்க"ன்னேன் நான்.

தினா தலையைத் தூக்கி என்னைப் பாத்தான். அவன் சொல்லிடுவான்னு நெனச்சேன். சொல்லல. மறுபடியும் தலையைக் கவுத்துக்கிட்டான். குமுதா அவனைப் பாத்தா, என்னைப் பாத்தா. "இருக்கும்"னு சொல்லிட்டு எழுந்து போயி மாவை எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சா.

அந்த மெர்லின் பொண்ணுக்கு வேலை போச்சு. மத்த பிள்ளைங்களை மெமோவோட விட்டுட்டாங்க. இது மட்டும் எதிர்த்துப் பேசியிருக்கு. அது எனக்குத் தெரியாம நடந்தது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும். அப்புறம் அதுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலை கெடச்சுப் போயிடுச்சு. அங்கேருந்து குமுதாவுக்குப் போன் பண்ணியிருக்கு. அக்கா, இங்க ஹாஸ்டல் சாப்பாடு வாயில வெக்க முடியல, நீங்க வாங்கன்னு.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில குமுதா அதே மாதிரி ஒரு சூட்கேஸோட ஹால்ல வந்து நின்னா. "நான் அங்க போயி இருக்கேன் அண்ணி"ன்னா. எங்க வீட்டுக்காரர், ஊர்ல என்ன பேசுவாங்கன்னு கேட்டாரு. "இட்லி மாவு ரெண்டு நாளைக்கு வரும். புளிக்க விட்டுடாதீங்க"ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டா. நான் கீழ ஆட்டோ வரைக்கும் போனேன். இருந்துடு குமுதான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆட்டோக்காரர் அவசரப்படுத்துனாரு.

தண்ணி குடிக்கறியா? வேண்டாமா. இந்த சிக்னல்ல எப்பவும் இப்படித்தான் நிக்கும்.

இன்னிக்கு எதுக்குப் போனேன்னா, மாலுக்கு மெட்ரோ பக்கம் இன்னொரு வாசல் வெக்கறாங்க. மூணாவது பிளாக்கும் அந்தப் பக்கம்தான். அங்க எங்க பழைய கிணத்தடி இருக்கு, ஒரு சின்னத் துண்டு. அது மாமியார் தனியா குமுதா பேருக்கு எழுதி வெச்சது. அப்ப அவங்களுக்கு அது தேவைப்படல, இப்ப வேணுமாம். தினா நான் போக மாட்டேன்னுட்டான். நீங்களும் போகாதீங்கம்மான்னு சண்டை வேற. எங்க வீட்டுக்காரர் பேப்பரை என் கையில குடுத்தாரு. நீ சொன்னாதான் கேப்பான்னாரு.

நான் பேப்பருக்காக மட்டும் போகலம்மா. மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டுத்தான் போனேன். இன்னிக்கு அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடணும். மால்காரர் பாக்கலாம்னுதான் சொன்னாரு, தினாகிட்ட சொன்னது நான்தான், எல்லாத்தையும். சொல்லிட்டு அப்புறம் பேப்பரை எடுக்கலாம். இல்ல, பேப்பரை முடிச்சுட்டுச் சொல்லலாம். போற வழி பூரா அதையேதான் யோசிச்சுக்கிட்டுப் போனேன். மொதல்ல சொன்னா அவ மனசு கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போடாம போயிட்டா, எங்க வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்றது.

நான் போனப்ப நல்ல கூட்டம். யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க, ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததுங்க. பெஞ்சு போட்டிருக்கா, நெறைய. "வாங்க அண்ணி"ன்னு சிரிச்சா. மூலையில ஃபேனுக்குக் கீழ என்னை உட்கார வெச்சா. இலை போட்டா. வத்தக்குழம்பு, எனக்குப் புடிச்சது. பக்கத்துல ஒரு பொண்ணுக்கு எப்படிக் கேட்டாளோ அப்படியே எனக்கும், "இன்னும் கொஞ்சம் சாதம்?"னு கேட்டா. பேத்தி படிக்கறாளான்னு கேட்டா. அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டா. வீட்டுக்கு எப்ப வர்றேன்னு நான் கேட்டதுக்கு, ரசம் ஊத்துனா.

சாப்பிட்டு முடிச்சு, குமுதா உன்கிட்ட ஒரு விஷயம்னு ஆரம்பிச்சேன். அவ ஈரக் கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, "கிணத்தடியா அண்ணி? தினா போன் பண்ணான், குடுக்காதீங்க அத்தைன்னு. எங்க போடணும்?"னா.

நான் பேப்பரை எடுத்துக் குடுத்துட்டேன். கை தானா எடுத்துச்சு. அவ படிக்கல. நின்னுக்கிட்டே போட்டா. போட்டுட்டுக் கேட்டா, "இனிமே என் பேர்ல ஒண்ணும் இல்லல்ல அண்ணி?"

"இல்ல குமுதா."

"சரி. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு என்னிக்குன்னு சொல்லுங்க, நானே வந்துடறேன். அண்ணி இந்த வயசுல இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்."

பாசமாத்தான் சொல்லியிருப்பா. என் வயசை நெனச்சு.

அப்பவும் சொல்லிடலாம்னுதான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள பிள்ளைங்க கூப்பிட்டாங்க, அவ வாளியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. அங்கேருந்தே, "மெர்லின், அண்ணியை பஸ் ஏத்தி விட்டுட்டு வா"ன்னா.

அந்தப் பொண்ணு என்கூட ஸ்டாப்பிங் வரைக்கும் வந்துச்சு. மரியாதையான பொண்ணுதான். குடை புடிச்சுக்கிட்டு வந்துச்சு. பஸ் தூரத்துல தெரியறப்ப, மெதுவா சொல்லுது. "ஆன்ட்டி, அக்காவுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். அன்னிக்கு சாயங்காலம் உங்க வீட்டு மேசையிலயே தெரிஞ்சுடுச்சாம். அப்புறம் ஏன்க்கா நீங்க கேக்கலன்னு நான் ஒரு நாள் கேட்டேன். ஒரு தடவை கேட்டுட்டேன், இன்னொரு தடவை கேட்டா அண்ணி இன்னொரு பொய் சொல்லணும், பாவம்னாங்க."

பஸ் வந்துடுச்சு, ஏறிட்டேன்.

சின்னப் பொண்ணு, அதுவா ஏதாவது நெனச்சுக்கிட்டுச் சொல்லும். குமுதா அப்படியெல்லாம் வெளியாள்கிட்ட பேசற ஆள் இல்ல. ஆனா அந்தப் பாவம்ங்கற வார்த்தை இருக்கே, அது குமுதா சொல்ற வார்த்தைதான். தூங்கற பிள்ளைங்களை எழுப்பறப்பவும் அதைத்தான் சொல்லுவா.

உன்கிட்ட எதுக்கு இதையெல்லாம் சொன்னேன்னு தெரியல. முன்னபின்ன தெரியாத பொண்ணு நீ. ஆனா சொன்னதும் கொஞ்சம் லேசா இருக்கு. இதை அவகிட்டயே சொல்லிட்டா என்ன? அவளுக்குத் தெரியும்னா இனிமே எனக்கு என்ன பயம். போன்லயே சொல்லிடறேன். முகத்தைப் பாத்தாத்தான் எனக்கு வாய் கட்டிப் போகுது. இந்தா போன், என் கண்ணாடி பையில அடியில கெடக்கு, நம்பரை நீயே போட்டுக் குடு. குமுதான்னு இருக்கும் பாரு. ஆமா, அதான். பச்சையை அமுக்கு.

நீ இங்கயே இரு, எழுந்துக்காத.

ஹலோ, குமுதா. நான்தான். ம். சாப்பிட்டியா? இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மாத்தான் போட்டேன். ஒரு விஷயம் சொல்லலாம்னு... ம்? ஆமா. ஆமா, வந்துட்டேன். நல்லபடியா வந்து சேந்துட்டேன். இல்ல, கால் வலியெல்லாம் இல்ல. உட்கார்ந்துதான் இருக்கேன். வீட்டுலதான்.

சத்தமா? இல்லல்ல குமுதா, அது டிவி.